ஒரு மாத்திரையா, இரண்டா?

*ஹெபடைடிஸ்-பி வைரஸை எதிர்க்க மருந்துகளைக் கூட்டிக் கொடுக்கும் யோசனை ஒருமுறை தோற்றது. இப்போது வேறொரு காரணத்துக்காகத் திரும்பி வந்திருக்கிறது.*

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு போகும் சாலையில், கேரள எல்லையைத் தொட்டதும் வருகிறது கோவிந்தாபுரம். சோதனைச்சாவடி, லாரிகள், அதைத் தாண்டினால் முதலமடையின் மாந்தோப்புகள். பலகைகளில் மலையாளம், வாயில் தமிழ். கண் மஞ்சளாகிவிட்டால் ஒரு வீட்டில் அது மஞ்சள் காமாலை, அடுத்த வீட்டில் மஞ்ஞப்பித்தம். மருந்துக்கும் இரண்டு பெயர்: கீழாநெல்லி, கீழார்நெல்லி. செடி ஒன்றுதான். பிடுங்கி அரைத்து மோரில் கலக்கிக் குடித்து, உப்பில்லாப் பத்தியம் இருந்தால் சில வாரங்களில் கண் வெளுத்துவிடும் என்பது எல்லைக்கு இருபுறமும் உள்ள நம்பிக்கை.

பெரும்பாலும் வெளுத்தும்விடுகிறது. சிக்கலே அங்குதான். அசுத்தமான தண்ணீரால் வரும் ஏ, ஈ வகைக் காமாலைகள் எந்த மருந்தும் இல்லாமலே அநேகமாகத் தாமாக ஆறிவிடுபவை. நல்ல பெயர் செடிக்குப் போய்ச் சேருகிறது. பி வகை வைரஸ் வேறு ரகம். ரத்தத்தின் மூலமும் உடலுறவின் மூலமும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கும் பரவும். பெரியவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் அதைத் தாமே வென்றுவிடுவார்கள். பிறக்கும்போது தொற்றினாலோ பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் அது நிரந்தரமாகத் தங்கிவிடும். கண் மஞ்சளாகாது, வலிக்காது. இருபது முப்பது வருடம் கழித்துக் கல்லீரல் சுருங்கியோ புற்று வைத்தோ விஷயம் வெளிவரும். 2022-ல் உலகில் 25.4 கோடிப் பேரிடம் இந்த நாள்பட்ட தொற்று இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. இந்தியாவின் பங்கு 2.98 கோடி.

1990-களின் பெரும்பகுதி வரை இதற்கு இருந்த ஒரே ஆயுதம் இன்டர்ஃபெரான் ஊசி. விலை அதிகம், பக்கவிளைவுகள் கடுமை, பலனோ சிலருக்கு மட்டும். 1998-ல் அமெரிக்காவில் லாமிவுடின் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தபோது மருத்துவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டதில் வியப்பில்லை. எய்ட்ஸ் நோயாளிகளுக்கு ஏற்கெனவே கொடுத்துவந்த மருந்து அது. தினம் ஒரு மாத்திரை. ரத்தத்தில் வைரஸ் மளமளவெனக் குறைந்தது.

நிம்மதி நீடிக்கவில்லை. இந்த வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது ஏராளமான எழுத்துப் பிழைகள் செய்யும். அவற்றில் ஏதோ ஒரு பிழை லாமிவுடினுக்கு மசியாத வைரஸை உருவாக்கிவிடும். மற்றவை மாத்திரையில் மடிய, அந்தப் பிழைப்பிறவி தழைக்கும். ஓராண்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடமும், ஐந்தாண்டில் சுமார் 70 சதவீதம் பேரிடமும் மருந்து தோற்றது.

அப்படியானால் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால்? ஒன்றிடமிருந்து தப்பும் வைரஸ் மற்றதிடம் மாட்டிக்கொள்ளும். இந்தத் தர்க்கம் இந்தியாவுக்குப் புதிதல்ல. 1956-ல் தொடங்கப்பட்ட சென்னைக் காசநோய் ஆய்வு மையம் ஐசோனியஸிட் மருந்தைத் தனியாகவும் இன்னொரு மருந்தோடு சேர்த்தும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்த இடம். எய்ட்ஸிலும் 1996 வாக்கில் மருந்துக் கூட்டணிதான் மரணங்களைத் தடுத்து நிறுத்தியது.

ஹெபடைடிஸ்-பி மட்டும் கணக்குக்கு அடங்கவில்லை. இன்டர்ஃபெரானோடு லாமிவுடினைச் சேர்த்து 2005-ல் வெளியான பெரிய ஆய்வுகளில், சிகிச்சை நடக்கும்வரை கூட்டணி முந்தியது. சிகிச்சையை நிறுத்தியபின் பார்த்தால் இன்டர்ஃபெரான் மட்டும் போட்டுக்கொண்டவர்களும் அதே நிலையில் இருந்தார்கள். லாமிவுடின் தோற்றுப்போனவர்களுக்கு அதை நிறுத்தாமல் அடெஃபோவிரையும் சேர்ப்பது பயன்தந்தது. ஆனால் அது ஓட்டை அடைக்கும் வேலை.

பிரச்சினையைத் தீர்த்தது கூட்டணி அல்ல, பலசாலி. 2005-ல் என்டெகாவிர், 2008-ல் டெனோஃபோவிர் ஆகியவை இந்நோய்க்கு அனுமதி பெற்றன. முன்பு மருந்தே எடுக்காதவர்களிடம் ஐந்தாண்டுகளில் என்டெகாவிரை எதிர்க்கும் வைரஸ் தோன்றியது சுமார் 1.2 சதவீதம் பேரிடம்தான். ஏற்கெனவே லாமிவுடினில் தோற்றவர்களிடம் அதே என்டெகாவிர் பாதிப் பேரைக் கைவிட்டது. பலவீனமான மருந்தில் தொடங்கியதற்கான அபராதம் அது. இரண்டு பலசாலிகளையும் சேர்த்தும் பார்த்தார்கள். 2012-ல் வெளியான 379 பேர் ஆய்வில், 96 வாரம் கழித்துக் கூட்டணியில் 83 சதவீதம் பேருக்கும் என்டெகாவிர் மட்டும் எடுத்தவர்களில் 76 சதவீதம் பேருக்கும் வைரஸ் அடங்கியிருந்தது. புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை.

இங்கே ஒரு சென்னைக் கதை குறுக்கிடுகிறது. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, *லான்செட்* இதழில் உலகை நிமிர்ந்து பார்க்கவைத்த கட்டுரையை வெளியிட்டது. கீழாநெல்லிப் பொடியை 30 நாள் உட்கொண்ட வைரஸ் தாங்கிகள் 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து பி வைரஸின் அடையாளப் புரதம் மறைந்தது. போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நடந்தது. கட்டுரையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர், இந்த வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க். பாட்டி வைத்தியத்துக்கு இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்?

வேண்டியிருந்தது. மற்ற இடங்களில் திருப்பிச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து அலசிய காக்ரேன் அறிக்கை 2011-ல், போலி மருந்தைவிடக் கீழாநெல்லி இனச் செடிகள் மேல் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றது. வைரஸ் எதிர்ப்பு மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடலாம் என்றும் சொன்னது. உடனேயே, அந்த ஆய்வுகளின் தரம் சந்தேகத்துக்குரியது என்று எச்சரித்தது. செடியை நம்பி மாத்திரையை விடுவதற்கு அதில் எந்த அனுமதியும் இல்லை.

ஒரு மாத்திரையே போதும் என்றால் கூட்டணிப் பேச்சு முடிந்திருக்க வேண்டுமே? முடியவில்லை. காரணம், மாத்திரை வைரஸை அடக்குகிறதே தவிர அழிப்பதில்லை. கல்லீரல் செல்லின் கருவுக்குள் வைரஸ் தன் மரபுப் பொருளை வளையமாக்கிப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. மாத்திரையால் அந்த மூலப்பிரதியைத் தொட முடியாது. மாத்திரை நின்றால் அச்சகம் மறுபடி ஓடும். எனவே இப்போது கூட்டணியின் நோக்கம் மாறியிருக்கிறது: அடக்குவது அல்ல, விரட்டுவது. 2016-ல் வெளியான 740 பேர் ஆய்வில் இன்டர்ஃபெரானையும் டெனோஃபோவிரையும் 48 வாரம் சேர்த்துக் கொடுத்தபோது 9 சதவீதம் பேரிடம் அடையாளப் புரதம் மறைந்தது. டெனோஃபோவிர் மட்டும் எடுத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. வைரஸின் செய்தித் தூதையே வெட்டும் பெபிரோவிர்சென் ஊசி 2022-ல் ஏறக்குறைய அதே அளவு வெற்றியைக் காட்டியது. பத்தில் ஒருவர். பெரிய எண் அல்ல, ஆனால் முன்பு இருந்தது அநேகமாகப் பூஜ்யம்.

கூட்டு மருந்து இன்றும் கட்டாயமாகிற ஓர் இடம் உண்டு: ஒரே உடலில் எச்.ஐ.வி.யும் பி வைரஸும் இருக்கும்போது. டெனோஃபோவிரும் லாமிவுடினும் டோலுடெக்ராவிரும் அடங்கிய ஒற்றை மாத்திரை இரண்டையும் பிடிக்கிறது. எச்.ஐ.வி. இருப்பது தெரியாமல் என்டெகாவிரை மட்டும் கொடுத்தால் எச்.ஐ.வி. மருந்துக்குப் பழகிக்கொள்ளும் என்பது 2007-ல் தெரியவந்தது.

2018 ஜூலை 28-ல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். கோவிந்தாபுரத்துக்காரர் பாலக்காட்டுப் பக்கம் போனாலும் கோவைப் பக்கம் போனாலும் மருந்து ஒன்றுதான். தொற்று உள்ள எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. வைரஸின் அளவையும் கல்லீரலின் நிலையையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். தொடங்கியவர், உடம்பு தேறிவிட்டது என்று மூன்று வாரப் பத்தியம்போல நினைத்துத் தானாக நிறுத்தினால், வைரஸ் திடீரெனப் பெருகிக் கல்லீரலே செயலிழக்கும் ஆபத்து உண்டு. மாத்திரை தொடங்கும் முன் எச்.ஐ.வி. பரிசோதனை அவசியம். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும். தொற்று இல்லாதவர்களுக்கு மூன்று தடுப்பூசிகள். தாய்க்குத் தொற்று இருந்தால் குழந்தைக்கு முதல் ஊசி, பிறந்த 24 மணி நேரத்துக்குள்.