சுருதியும் மாத்திரையும்: பாடுகிற பிள்ளைக்கு முதற்பாடம்

மீலாத் விழாவுக்கான இஸ்லாமிய கீதப் போட்டியொன்றுக்கு தரம் 9 மாணவன் ஒருவனைக் கூட்டிச் சென்றேன். நல்ல குரல்வளம் உள்ள பிள்ளை. பாட்டை ஒலிநாடாவில் கேட்டு அப்படியே மனனம் செய்திருந்தான். பல்லவி நன்றாகப் போனது. சரணத்தில் மேலே ஏற வேண்டிய இடத்தில் குரல் உடைந்து இரண்டாகப் பிரிந்தது. கீபோட் வாசித்தவர் அவன் எந்த இடத்தில் பாடுகிறான் என்று தேடிக்கொண்டே இருந்தார். பாட்டு முடிந்தும் அவர் கண்டுபிடிக்கவில்லை. மேடையை விட்டு இறங்கி வந்தவன், "தொண்ட அடச்சிட்டு சேர், இனி நான் பாடமாட்டன்" என்றான்.

பிழை தொண்டையில் இல்லை. "குரலத் தூக்கிப் பாடு மகன்" என்று ஒத்திகையில் திரும்பத் திரும்பச் சொன்னவன் நான். தமிழ்ச் சிறப்புப் பட்டம் படித்த எனக்கு யாப்பு தெரியும், சந்தம் தெரியும். சுருதி என்றால் என்னவென்று ஒரு பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் பாடசாலையில் சங்கீத ஆசிரியரும் இல்லை. ஆகவே நானே படிக்கத் தொடங்கினேன். படித்ததில் ஒரு பிள்ளைக்கு முதலில் தேவையானவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது சுருதி. பாட்டின் 'ஸ' எங்கே நிற்கிறது என்பதுதான் சுருதி. ஆர்மோனியத்திலோ கீபோட்டிலோ ஒரு 'ஸ' தொடங்கி மேல் 'ஸ' வருவதற்கு முன் 12 கட்டைகள் இருக்கும். 7 வெள்ளை, 5 கறுப்பு. இந்தப் பன்னிரண்டில் எதையும் 'ஸ' ஆக வைத்துக்கொள்ளலாம். பாட்டு மாறாது, அது நிற்கும் உயரம் மட்டுமே மாறும். ஒலிநாடாவில் பாடியவர் தன் குரலுக்குப் பொருந்திய கட்டையில் பாடியிருப்பார். பதினான்கு வயதில் குரல் உடைகிற பிள்ளை அதே கட்டையில் பாட வேண்டுமென்ற கட்டாயம் எதுவுமில்லை. பாட்டின் மிக உயர்ந்த இடத்தையும் மிகத் தாழ்ந்த இடத்தையும் முதலில் பாடிப் பார்க்க வேண்டும். இரண்டும் சிரமமில்லாமல் வரும் கட்டையைத் தெரிந்து, 'இதுதான் என் கட்டை' என்று கொப்பியில் குறித்துவைக்க வேண்டும். மேடையில் வாத்தியக்காரரிடம் அதைச் சொல்லிவிட்டால் அவர் தேட வேண்டியதில்லை. நாங்கள் செய்யாமல் விட்டது இதைத்தான்.

இரண்டாவது காலக் கணக்கு. இதை நம் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதேயில்லை. ஓதப் போகிற பிள்ளைக்கு மத்து தெரியும். மத்து அஸ்லியை 2 ஹரகத் நீட்ட வேண்டும், மத்து லாஸிமை 6 ஹரகத் நீட்ட வேண்டும் என்று லெப்பை விரலை மடக்கிக் கணக்குக் காட்டியிருப்பார். தமிழ்ப் பாடத்தில் குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2 மாத்திரை என்று நான் கற்பிப்பதும் அதே கணக்குத்தான். சந்தப் பாட்டில் இன்னொரு விதி சேரும்: குறிலை அடுத்து ஒற்று வந்தால் அதுவும் 2 மாத்திரை. 'தன' 2, 'தான' 3, 'தந்த' 3, 'தனதன' 4.

இதைக் கைதட்டலில் ஏற்றினால் தாளம். 'தக தகிட' என்று 2, 3 ஆகத் தட்டினால் 5, அது கண்டசாபு. 'தகிட தகதிமி' என்று 3, 4 ஆகத் தட்டினால் 7; அது மிஸ்ரசாபு. ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. கிழக்கிலங்கையில் பொல்லடி பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அண்ணாவியார் பாட, கம்புகள் விழுகிற இடம் ஒருபோதும் தப்பாது. றபான் அடிக்கிற பக்கீர்மாரும் இந்தக் கணக்கைக் கையில் வைத்திருப்பவர்கள்தான். அவர்கள் அதை ஏட்டில் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

அறபு யாப்பை வகுத்த கலீல் இப்னு அஹ்மத் 8ஆம் நூற்றாண்டில் பஸ்றாவில் வாழ்ந்தவர். கடைத்தெருவில் சம்மட்டி அடிக்கும் ஓசையைக் கேட்டபோதுதான் அந்த எண்ணம் அவருக்குத் தோன்றியது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, அவர் செய்தது அசைகின்ற எழுத்தையும் அசையாத எழுத்தையும் பிரித்து எண்ணியது. நாம் நேர், நிரை என்று பிரிப்பதற்கு அது வெகுதூரமில்லை.

மூன்றாவது சுரங்களின் இடைவெளி. இதை விளக்க ஒரு பலகையும் கம்பியும் போதும். கம்பியை இறுக்கிக் கட்டி மீட்டினால் வருவது 'ஸ'. சரிபாதியில் விரலை அழுத்தி மீட்டினால் மேல் 'ஸ'. மூன்றில் இரண்டு பங்கு நீளத்தை ஒலிக்கவிட்டால் 'ப'. நான்கில் மூன்று பங்கென்றால் 'ம'. வகுப்பில் இதைச் செய்தபோது கணித பாடத்தில் பின்னம் என்றால் ஓடுகிற பிள்ளைகளும் கிட்ட வந்து நின்றார்கள். 950இல் காலமான அல்பாராபி, 'கிதாபுல் மூஸீகல் கபீர்' என்ற பெருநூலில் ஊது வாத்தியத்தின் நரம்புகளை வைத்து இத்தகைய விகிதங்களைத்தான் விரிவாக ஆராய்ந்தார். 13ஆம் நூற்றாண்டில் ஸபியுத்தீன் அல் உர்மவி ஒரு ஸ்தாயியை 17 இடங்களாகப் பிரித்துக் காட்டினார். இந்தக் கல்வி நம்முடைய அறிவு மரபுக்கு வெளியே நின்றதல்ல.

கர்நாடக சங்கீதம் படிக்கத் தொடங்குபவருக்கு முதலில் கற்பிக்கப்படுவது மாயாமாளவகௌளை ராகம். வெள்ளைக் கட்டை ஒன்றில் 'ஸ' வைத்தால் 'ரி' அதற்கு மிக அருகில் இருக்கும் கறுப்புக் கட்டையில் விழும். அடுத்த 'க' வெகுதூரம் தாண்டி நிற்கும். இதை முதன்முதலில் வாசித்துப் பார்த்தபோது நான் திடுக்கிட்டேன். எங்கேயோ கேட்டது! அறபு மகாம்களில் ஹிஜாஸ் என்று சொல்லப்படுவதன் அடிப்படை அமைப்பும் இதுதான். நுணுக்கமான சுருதி வேறுபாடு உண்டென்றாலும் சாயல் ஒன்று. உலகின் பல இடங்களில் பாங்கு இந்தச் சாயலில் ஒலிக்கிறது. பாங்கை இசையென்று சொல்ல நான் வரவில்லை. பிள்ளையின் காது இந்த ஒலியை முன்பே அறிந்திருக்கிறது என்பதுதான் நான் சொல்வது.

வாத்தியம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் செவியுறுதலின் ஒழுங்குகளுக்கென்றே ஒரு பகுதி எழுதியிருக்கிறார். அந்த விவாதத்தைத் தீர்க்கும் தகுதி எனக்கில்லை. என் மாணவனின் வாப்பாவும் அந்தத் தயக்கத்தோடுதான் வந்தார். "சேர், இவன் ஆர்மோனியப் பொட்டியோட திரியப் போறானா?" என்று கேட்டார். நான் மேலே எழுதியவற்றைத்தான் சொன்னேன். மத்துக் கணக்கு என்றதும் கொஞ்சம் இளகினார். "கைதட்டல், கம்பி மட்டுமெண்டா பரவாயில்ல. பெட்டிய சுருதி பார்க்கிறதுக்கு மட்டும் தொடட்டும்" என்றார். அந்த அளவோடு நாங்களும் நின்றோம்.

நாலு மாதம் வியாழக்கிழமைகளில் பாடசாலை விட்ட பிறகு அரை மணித்தியாலம் பயிற்சி செய்தோம். முதல் பத்து நிமிடம் ஒரே 'ஸ'வில் நிற்பது. அடுத்த பத்து நிமிடம் கைதட்டல்: பாடிக்கொண்டே ஒரு சுற்று வாயை மூடி, கையை நிறுத்தாமல், அடுத்த சுற்றில் சரியான இடத்தில் சேர வேண்டும். வேகம் கூடுகிற பிள்ளை இதில் பிடிபடும். கடைசிப் பத்து நிமிடம் பாட்டு.

பிறகு பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் அதே பாட்டை ஒலிநாடாவை விட நான்கு கட்டை இறக்கிப் பாடினான். மேலேறும் இடம் வந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். குரல் பெரிதாக ஒலிக்கவில்லை, ஆனால் உடையவுமில்லை. இறங்கி வந்து, "சேர், இன்னும் ஒரு கட்ட ஏத்திப் பாடியிருக்கலாம்" என்றான். அவன் கொப்பியில் இப்போது ஐந்து பாட்டுகளுக்குக் கட்டை குறித்திருக்கிறது.

சங்கீத ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் நம்மிடையே பல. அங்கே தமிழ் ஆசிரியர் இருப்பார், மௌலவி ஆசிரியர் இருப்பார், கணித ஆசிரியர் இருப்பார். மாத்திரையும் மத்தும் பின்னமும் அவர்கள் கையில் இருக்கின்றன. அடுத்த மீலாதுக்கு ஒரு பிள்ளையை மேடையேற்றுமுன் மூவரும் ஒரு தடவை உட்கார்ந்து, அவனுடைய கட்டை எதுவென்று பார்த்துக் கொடுத்தால் போதும்.