கூம்பு தரும் ஆதாரம்

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைக்கு மூடி பொருத்தாத மாணவர் இலர். கழுத்தில் இறங்கும் அம்மூடி ஓரிடத்தில் தானே நின்றுவிடுகின்றது. அவ்விடத்தை அறுதியிடுவது அதன் கூம்பு வடிவமே. இவ்வெளிய உண்மை பொறியியல் வரைபடத்திலும் ஆழ்ந்த பொருளுடையது.

ஒரு பொருளின் அளவுகள் எங்கிருந்து தொடங்குகின்றனவோ, அது 'டேட்டம்' எனப்படும். தமிழில் ஆதாரம் எனலாம். தடையின்றி நிற்கும் பொருளுக்கு ஆறு அசைவுகள் உண்டு: மூன்று திசைகளில் நகர்தல், மூன்று அச்சுகளைச் சுற்றிச் சுழலுதல். இவற்றை அடக்குதலே ஆதாரத்தின் கடமை. உருளையை ஆதாரமாகக் கொண்டால் நான்கு அடங்கும். அச்சின்வழி நகர்தலும் அச்சைச் சுற்றிச் சுழலுதலும் எஞ்சும். கூம்போ ஐந்தை அடக்கும்; அச்சைச் சுற்றிய சுழற்சி ஒன்றே எஞ்சும். ஏனெனில் உருளை அச்சை மட்டுமே தருகின்றது. கூம்பு அச்சையும் அதன்மேல் ஒரு புள்ளியையும் சேர்த்துத் தருகின்றது.

பிழை நேர்வது இங்கேதான். உருளைக்குப் பழகிய வரைவாளர், கூம்பை முதல் ஆதாரமாகக் குறித்தபின், நீளத்தை அளக்க முகப்புப் பரப்பை இரண்டாம் ஆதாரமாகச் சேர்க்கின்றார். ஆனால் நீளவாட்டு நிலையைக் கூம்பு முன்னரே முடிவுசெய்துவிட்டது; முகப்புக்கு அங்கே வேலை இல்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. துருவல் இயந்திரக் கருவிப்பிடிகள் பலவற்றின் சரிவு 7:24. அதாவது 24 மி.மீ. நீளத்திற்கு விட்டம் 7 மி.மீ. மாறும். எனவே விட்டத்தில் 0.07 மி.மீ. வேறுபாடு நேர்ந்தால், பிடி 0.24 மி.மீ. முன்னோ பின்னோ சென்று அமரும். தரப்படுத்தப்பட்ட குடுவை மூடியின் சரிவு 1:10. ஆங்கே விட்டப் பிழை நீளத்தில் பத்து மடங்காகும். சரிவு குறையக் குறையப் பிழை பெருகும். கூம்பிலிருந்து அளப்பவர் ஏற்கும் உறுப்பை, முகப்பிலிருந்து அளப்பவர் தள்ளிவிடக்கூடும். உழைப்பும் உலோகமும் வீணாகும்.

அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 2009இல் வெளியிட்ட தரவிதி இதற்கு வழி வகுத்தது. எந்த ஆதாரம் எந்த அசைவை அடக்க வேண்டும் என்பதை வரைபடத்திலேயே குறிக்கலாம். கூம்புக்கு நான்கு, முகப்புக்கு ஒன்று எனப் பங்கிட்டால் ஐயம் நீங்கும்.

வரைபடமும் ஒரு மொழியே. எழுதியவன் கருதியதைப் படிப்பவன் ஐயமின்றி உணர்தல் வேண்டும். இலக்கணம் பயில்வோர்க்கு இக்கருத்து புதிதன்று.