வீடியோ டிவிடி ஆக மறுத்தால்

தமிழ்நாட்டில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் தச்சங்குறிச்சியில்தான். அதைப் போனில் எடுத்துவிட்டீர்கள். ஆலங்குடியில் இருக்கும் தாத்தா தன் டிவிடி பிளேயரில் பார்க்க ஆசைப்படுகிறார். கணினியில் மாற்றினால் பாதியில் ‘எரர்’ என்று நிற்கிறது. என்ன செய்யலாம்?

மாற்றுவது ஒரு வேலை, டிஸ்கில் எழுதுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே பொத்தானில் செய்தால் கோளாறு எங்கே என்று தெரியாது. முதலில் ஐஎஸ்ஓ கோப்பாக (முழு டிஸ்கின் நகல் ஒரே கோப்பில்) கணினியிலேயே சேமியுங்கள். விஎல்சி பிளேயரில் திறந்து, நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடினால் டிஸ்கையோ ரைட்டரையோ சந்தேகப்படுங்கள். ஐஎஸ்ஓவே உருவாகவில்லையா? டிஸ்க் மாற்றிப் பயனில்லை, காசுதான் வீண்.

மாற்றும்போதே ஏன் நிற்கிறது? பெரும்பாலும் இடம் போதாமல்தான். டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி, தற்காலிகக் கோப்புகளுக்கும் சேர்த்து 15 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். சேமிப்பது பென்டிரைவிலா? அது ஃபேட்32 முறையில் (கோப்புகளை அடுக்கும் பழைய முறை) இருந்தால், ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. ஒவ்வொரு முறையும் ஒரே நிமிடத்தில் நின்றால் மூலக் கோப்பு அந்த இடத்தில் பழுதாகியிருக்கும். போனிலிருந்து கேபிள் வழியாக மறுபடி எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ ஏற்கெனவே சுருங்கி, தெளிவு போனது. அதை வைத்து டிவிடி செய்யாதீர்கள்.

போகப் போகச் சத்தம் படத்தை விட்டு விலகுகிறதா? போன், வெளிச்சத்துக்கு ஏற்ப நொடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே இருக்கும். நம் ஊர் டிவிடிக்கோ நொடிக்கு 25 என்பது மாறாத கணக்கு. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ‘மாறாத வேகம்’, 25 என வைத்து ஒருமுறை மாற்றிவிட்டு, பிறகு டிவிடி ஆக்குங்கள். புதிய போன்களின் ஹெச்இவிசி வீடியோவை (அதிகம் சுருக்கப்பட்ட வகை) பழைய மென்பொருள் திறக்க மறுத்தாலும் இதே வழிதான், ஹெச்.264 வகையைத் தேர்ந்தெடுங்கள்.

காளை வாடிவாசலை விட்டுப் பாயும் நேரத்தில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைகிறதா? ஒரே டிஸ்கில் நான்கு மணி நேரத்தைத் திணித்திருப்பீர்கள். மொய் விருந்து வீடியோவில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், இரண்டு மணி நேரம் தாங்கும். இங்கே ஒவ்வொரு நொடியும் அசைவு. ஒரு டிஸ்குக்கு ஒரு மணி நேரம் போதும்.

கணினியில் ஓடும் டிஸ்க் பிளேயரில் ஓடவில்லையா? எம்பி4 கோப்பை அப்படியே நகலெடுத்தால் பழைய பிளேயருக்குப் புரியாது. ‘டேட்டா டிஸ்க்’ வேண்டாம், ‘வீடியோ டிவிடி’ என்று தேர்ந்தெடுங்கள். குறைந்த வேகத்தில் எழுதி, முடிவில் ‘ஃபைனலைஸ்’ (இனி எழுத முடியாதபடி டிஸ்கை மூடுதல்) செய்யுங்கள். மூடாத டிஸ்கைப் பல பிளேயர்கள் படிப்பதில்லை.

டிவிடி ஆனதும் போனில் இருப்பதை அழிக்காதீர்கள். டிவிடி படத்தின் அளவு 720க்கு 576 புள்ளிகள்தான். போனில் இருப்பது அதைவிடப் பல மடங்கு தெளிவு. தாத்தா வீட்டு டிவியில் யூஎஸ்பி துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் எம்பி4 கோப்பைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாலே போதும்.