பதிவாய் எஞ்சும் நிலம்: லிஸ்மல்லின் அகழ்வாய்வு பற்றிச் சில சிந்தனைகள்

நெடுஞ்சாலை அமைப்பதற்கு முன்னர் அது செல்லும் நிலத்தை அகழ்ந்து ஆராய்தல் இன்று ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் நிலைபெற்றுவிட்ட நடைமுறையாகும். 1992இல் மோல்ற்றாவின் வலெற்றா நகரில் கைச்சாத்தான உடன்படிக்கை இதற்கு வலுவூட்டியது. நிலத்தைக் குலைக்கும் நிர்மாணத்தின் செலவுக்குள்ளேயே ஆய்வுச் செலவும் அடங்க வேண்டும் என்பது அதன் சாரம். மேலோட்டமாக நோக்குமிடத்து இஃது அறிவுத்துறைக்குக் கிடைத்த வெற்றியே. ஆயின், ஆய்வுக்கான பணம் எங்கிருந்து வருகின்றதோ அவ்விடமே ஆய்வு எங்கே தொடங்கி எப்போது முடிய வேண்டும் என்பதையும் நிர்ணயிக்கின்றது. அயர்லாந்தின் மீத் மாவட்டத்திலுள்ள லிஸ்மல்லினில் 2007இல் நிகழ்ந்தவை இவ்வுறவைத் தெளிவாகக் காட்டுவன.

லிஸ்மல்லினுக்கு ஏறத்தாழ 2 கிலோமீற்றர் தொலைவில் தாராக் குன்று உள்ளது. ஐரிஷ் இலக்கிய மரபு அதனைப் பேரரசர்களின் இருக்கையாகப் போற்றும். 1843இல் டானியல் ஓ'கொனல் கூட்டிய மாபெருங் கூட்டத்தில் இலட்சக்கணக்கானோர் திரண்டதும் அக்குன்றிலேதான். 1899 முதல் 1902 வரை, விவிலியம் கூறும் உடன்படிக்கைப் பேழை அங்கே புதைந்துள்ளதென நம்பிய ஒரு குழுவினர் குன்றைத் தோண்டினர். அதனைக் கண்டித்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியோருள் கவிஞர் யேற்ஸும் ஒருவர். ஆகவே, எம் 3 மோட்டார் நெடுஞ்சாலை தாராவுக்கும் ஸ்க்ரீன் குன்றுக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கினூடாகச் செல்லும் எனத் தீர்மானிக்கப்பட்டபோது பெரும் எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை. 2008இல் ஷேமஸ் ஹீனியும் தமது கண்டனத்தைப் பகிரங்கமாக வெளியிட்டார்.

இத்தகைய ஆய்வு நடைபெறும் முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். முதலில் பழைய வரைபடங்களும் ஆவணங்களும் பரிசீலிக்கப்படும். பின்னர் மண்ணின் காந்தத்தன்மையிற் காணப்படும் வேறுபாடுகளைக் கருவிகொண்டு அளப்பர். அடுத்து, வீதித்தடத்தின் நடுவே நீண்ட சோதனை அகழியும் அதிலிருந்து இருமருங்கும் பிரியும் கிளை அகழிகளும் வெட்டப்படும். சான்று தென்படும் இடங்களில், பற்களற்ற வாளி பொருத்திய இயந்திரம் மேல்மண்ணை மெல்லச் சீவியெடுக்கும். அதன்பின் கைக்கரண்டியோடு மனிதர் முழந்தாளிடுவர். மரக்கம்பம் உக்கிப்போன இடத்தில் எஞ்சுவது அடிமண்ணில் ஒரு கருமையான வட்டம் மாத்திரமே. அவ்வட்டத்தின் ஒரு பாதியை வெட்டியெடுத்துக் குறுக்குமுகத்தை வரைந்து, மறுபாதியின் மண்ணை நீரில் மிதக்கவிட்டுக் கருகிய தானியங்களைப் பிரித்தெடுப்பர். தாள் தாளாக வாசிக்க வாசிக்க உதிர்ந்துபோகும் ஏட்டுச்சுவடியை ஒத்தது இவ்வேலை. ஒருமுறை வாசித்ததை மறுமுறை வாசித்தல் இயலாது.

லிஸ்மல்லினில் மேல்மண் அகற்றப்பட்டபோது, தாழ்வான ஓரிடத்தில், சிறு கம்பக் குழிகளாலான ஏறத்தாழ 80 மீற்றர் விட்டமுடைய வட்டமொன்று புலனாயிற்று. அதனுள்ளே 16 மீற்றர் விட்டமுடைய இன்னொரு வட்டம். கிழக்குப் புறத்திலிருந்து உள்வட்டத்தை நோக்கிக் கம்ப வரிசைகளுக்கிடையே ஒரு நடைபாதை. கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்கும் 4ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகக் கணிக்கப்படும் இவ்வமைப்புச் சடங்குக் களமாயிருந்திருத்தல் வேண்டும் என்பது ஆய்வாளர் முடிபு. நடைபாதையின் திசை கார்த்திகை விண்மீன் கூட்டத்தின் உதயத்தோடு பொருந்துவது என்றும், அறுவடைக் காலத்தை அறிய அது பயன்பட்டிருக்கலாம் என்றும் வாதிக்கப்பட்டுள்ளது. இவ்விளக்கம் பொருந்துமாயின், அச்சடங்கின் வேர் உழைப்பின் நாட்காட்டியிலேயே உள்ளது எனலாம்.

இவ்விடம் தேசிய நினைவுச்சின்னம் என ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஏற்றுக்கொள்ளப்பட்ட பின்னரும் வீதி விலகவில்லை. டப்ளினைச் சுற்றிச் செல்லும் எம் 50 நெடுஞ்சாலை கரிக்மைன்ஸ் கோட்டையின் எச்சங்களை எதிர்கொண்டபோது எழுந்த வழக்குகளையடுத்து, 2004இல் நினைவுச்சின்னச் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. இத்தகைய சின்னங்களின் கதியை அமைச்சரின் பணிப்புரையே தீர்மானிக்க அத்திருத்தம் வழிவகுத்தது. 2007 யூனில், பதவி நீங்கும் தறுவாயிலிருந்த அமைச்சர் டிக் ரோச், லிஸ்மல்லின் 'பதிவின் மூலம் பாதுகாக்கப்படும்' எனக் கையொப்பமிட்டார். அவரை அடுத்து வந்தவர் பசுமைக் கட்சியைச் சேர்ந்த ஜோன் கோர்ம்லி. அவரும் அதனை மாற்றவில்லை. மொழியைத் தொழிலாகக் கொண்ட எமக்கு இத்தொடர் உறுத்துகின்றது. முற்றாக அகழ்ந்து நீக்குவதற்குப் 'பாதுகாத்தல்' என்று பெயர். படங்களும் அளவுகளும் மண் மாதிரிகளும் எஞ்சும், நிலம் எஞ்சாது.

எனினும் எதிர்ப்பாளர் பலரது நோக்கோடும் நாம் முழுமையாக உடன்படுவதற்கில்லை. அவர்களது சொல்லாட்சியில் தாரா எப்போதும் மன்னர்களின் தாராவாகவே இருந்தது. கம்பங்களை வெட்டிச் சுமந்து நாட்டியோர் எந்த மன்னர் பட்டியலிலும் இல்லாதவர்கள். புகழ்பெற்ற குன்றையே நோக்கிக்கொண்டிருந்த மரபுவழிக் கண்ணுக்குப் பள்ளத்தில் கிடந்த இக்களம் புலப்படவேயில்லை. நிலமட்டத்தில் அதற்குத் தடயமே இருக்கவில்லை. எதையும் தேடாது வந்த வீதியே அதனைக் கண்டது. கண்ட வீதியே அதனை அழித்தது. முரண்பாட்டின் இவ்விரு பக்கங்களுள் ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுவோர் வரலாற்றை அல்ல, தத்தம் விருப்பத்தையே பேசுகின்றனர்.

இவ்விவாதங்களில் மிக அரிதாகவே இடம்பெறுவோர் அகழ்ந்த தொழிலாளர்கள். பட்டதாரிகளாயினும் அவர்களுட் பலர் வேலை முடியும்வரை மட்டுமே அமர்த்தப்பட்ட ஒப்பந்தக் கூலிகளாவர். மழையிலும் சேற்றிலும் மண்ணை வாசித்தோர் அவர்களே. கட்டண வீதியாகிய எம் 3ஐ நடத்தும் தனியார் கூட்டமைப்புக்கு, போக்குவரத்துக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் அரசு ஈடுசெய்யும் என்னும் உத்தரவாதம் ஒப்பந்தத்திலேயே இருந்தது. கைக்கரண்டி பிடித்தோருக்கு அத்தகைய உத்தரவாதம் எதுவும் இருக்கவில்லை. 2008இன் பொருளாதார வீழ்ச்சியோடு நிர்மாண வேலைகள் நின்றபோது, ஐரிஷ் தொல்பொருளியலாளரிற் பெரும்பாலோர் வேலையிழந்தனர். வீதி 2010 யூனில் திறக்கப்பட்டது. லிஸ்மல்லின் பற்றிய முழு நூல் 2013இல் வெளிவந்தது.