யோகாசன வகுப்பில் முதல் நாள்

யோகம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் பலருடைய மனக்கண்முன் சடைமுடியும் புலித்தோலும் பூண்ட முனிவரின் உருவமே தோன்றும். நாள் முழுதும் நாற்காலியிலிருந்து எழுதுவோர்க்கும் அடுப்படியில் உழல்வோர்க்கும் அதனோடு என்ன தொடர்பு என்று வினவுவோர் இன்றும் உளர். இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என யோகத்தின் எட்டு உறுப்புக்களையும் நாம் ஆண்டுதோறும் மாணாக்கர்க்கு ஓதி வருகின்றோம். எனினும் மூன்றாவதாகிய ஆதனத்தை உடம்பினாற் பயிலும் வாய்ப்பு நாற்பத்தைந்து வயதின் பின்னரே கிட்டிற்று.

அதற்குக் காரணம் இடுப்பு வலி. கரும்பலகைக்கு முன் நெடுநேரம் நிற்பதும், குனிந்திருந்து விடைத்தாள் திருத்துவதும் எம் தொழில். எலும்பிலே பழுதில்லை என்று கண்ட வைத்தியர், யோகாசனம் பயிலுமாறு பணித்தார். நாட்பட்ட இடுப்பு வலிக்கு முதலில் முயலத்தக்க மருந்தில்லா முறைகளுள் யோகமும் ஒன்றென அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017 இல் வெளியிட்ட வழிகாட்டியும் கூறுகின்றது.

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்தோதினார். இன்று வகுப்புக்களிற் பயிலப்படும் முறையோ பெரிதும் 20 ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. 1930களில் மைசூர் அரண்மனையிலே கற்பித்த கிருஷ்ணமாச்சாரியாரும் அவர் மாணவர் பி. கே. எஸ். ஐயங்காரும் அதனை உலகறியச் செய்தோருள் முதன்மையானோர். 2014 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை யூன் 21 ஐ அனைத்துலக யோக நாளாக அறிவித்தது.

எம்மோடு வகுப்பிற் சேர்ந்தோருள் இளைப்பாறிய எழுதுவினைஞர் ஒருவரும், பேரப்பிள்ளைகளைக் கண்ட அம்மையார் ஒருவரும், உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவி ஒருத்தியும் இருந்தனர். உணவு கொண்டு மூன்று மணி நேரமாவது கழிந்திருத்தல் வேண்டும் என்பது முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. இரத்த அழுத்தம், கண்ணழுத்த நோய், முழங்கால் நோய் ஆகியன உண்டா என்று ஆசிரியை ஒவ்வொருவரையும் தனித்தனி வினவினார். இவ்வாறு வினவாத வகுப்பிற் சேராதிருத்தலே நன்று. தலைகீழாக நிற்றல் முதலிய சில ஆதனங்கள் அத்தகையோர்க்கு ஊறு விளைக்கக்கூடும்.

முதற் பாடம் நிற்பது. நிற்பதற்கும் ஒரு பாடமா எனத் தோன்றும். இரு பாதங்களிலும் உடற்பாரத்தைச் சமமாக ஏற்றித் தாடாசனத்தில் நின்றபோதுதான், எம் பாரம் வலக்காலையே நாடுவது புலனாயிற்று. அடுத்துக் கால்களை நீட்டியிருந்து முன்னே குனியும் பச்சிமோத்தானாசனம். மாணவியின் விரல்கள் பாதத்தைக் கடந்தன. எம்முடையவை முழங்காலுக்குச் சற்று அப்பால் நின்றன. நெடுங்காலம் நாற்காலியில் இருப்போரின் பின்தொடைத் தசைகள் இறுகிவிடுகின்றன. வலிந்து இழுத்தால் முதுகே வருந்தும். ஆதலின் முழங்காலைச் சிறிது மடித்து, எட்டிய எல்லையிலே மூச்சை மெல்ல விட்டுத் தங்குமாறு பணிக்கப்பட்டோம். அம்மையார் மாணவியை நோக்கி, “பிள்ளை, நீ முன்னுக்குப் போ, நான் மெள்ள மெள்ள வாறன்” என்றார். எல்லோரும் நகைத்தோம். யோகம் போட்டியன்று என்பதை இதனினுந் தெளிவாகச் சொல்லல் அரிது.

பின்னர் மூச்சுப் பயிற்சி. மூச்சை இழுக்கும்போது நாடித்துடிப்பு சற்று விரைதலும், விடும்போது தணிதலும் உடலின் இயல்பு. ஆகவே நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டால் பதற்றந் தணிகின்றது. வினாத்தாளைக் கண்டதும் கை நடுங்கும் மாணாக்கர் இருந்த இடத்திலேயே இதனைச் செய்யலாம். மூச்சை அடக்குதலை மட்டும் ஆசிரியர் துணையின்றி முயலற்க.

இறுதியிலே சவாசனம், மல்லாந்து கிடந்து, பாதம் முதல் நெற்றி வரை ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்துவது. பத்து நிமிடங் கழித்து எழுந்தபோது மாணவியின் கண்கள் கலங்கியிருந்தன. இரவிலே நித்திரை வருவதில்லை என்றும், ஒன்றுஞ் செய்யாமற் படுத்திருக்க ஒருவர் தன்னைப் பணித்தது இதுவே முதல்முறை என்றுஞ் சொன்னாள்.

இப்பொழுது மூன்று திங்கள் கழிந்துவிட்டன. வலி முற்றாக நீங்கிற்றென்று கூறோம். விடைத்தாள் திருத்தியெழுந்தும் நிமிர்ந்து நடக்க இயல்கின்றது. ஆனால் அச்சிறுமியின் சொல்லே எம் மனத்தை விட்டு அகலவில்லை. விடியற்காலைப் படிப்பு, பாடசாலை, மாலை வகுப்பு, இரவுப் படிப்பு எனப் பிள்ளைகளுக்கு நேரசூசி எழுதிக் கொடுக்கும் பெற்றோரும் ஆசிரியருமாகிய நாம், அதிலே பத்து நிமிடத்தை ஓய்வுக்கென ஒதுக்குகின்றோமா? இன்றிரவே எடுத்துப் பார்த்தல் நலம்.