ஒரு ஜோடி போதும்!

1991-ல் மத்திய இந்தியாவில் ஒரு பெரிய ஜங்ஷனில் இன்ஸ்பெக்டர் ஆஃப் ஒர்க்ஸ் ஆக இருந்தேன். கட்டடம், பிளாட்பாரம், தண்ணீர்க் குழாய் எல்லாம் என் பொறுப்பு. அங்கே எனக்கு வாய்த்த பெரிய எதிரி எலி. பிளாட்பாரத்துக்கு அடியில் மண்ணைக் குடைந்து குடைந்து, ஒரு மழைக்காலத்தில் தளம் இரண்டு இடங்களில் இறங்கிவிட்டது.

மருந்து வைத்தோம். செத்த எலிகளைக் கூடை கூடையாக அள்ளினோம். 'தொண்ணூற்றைந்து சதவீதம் ஒழிந்தது' என்று பெருமையாக ரிப்போர்ட் எழுதினேன். பார்சல் ஷெட் மட்டும் வேறு இலாகாவின் கையில் இருந்தது. சாவி கிடைக்கவில்லை; விட்டுவிட்டேன். எங்கள் வயதான கலாசி ஒருவர் சிரித்துக்கொண்டே, "ஒரு ஜோடி போதும், சாப்" என்றார். ஆறே மாதத்தில் அதே தளம் மறுபடி இறங்கியது. மேலதிகாரி என் ரிப்போர்ட்டை என் முன்னாலேயே எடுத்துப் படித்துக் காட்டினார். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ரிட்டயரான பிறகு தெற்கு ஜார்ஜியா என்ற தீவின் கதையைப் படித்தேன். அந்தக் கலாசியின் வார்த்தையை அங்கே சிலர் வேதவாக்காக எடுத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள்!

தென் அட்லாண்டிக் கடலில், அண்டார்டிகாவுக்குப் போகும் வழியில் இருக்கும் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி அது. நீளம் சுமார் 170 கிலோமீட்டர். பனிமலைகள், மரம் என்று ஒன்றுகூடக் கிடையாது. 1775-ல் கேப்டன் குக் அங்கே இறங்கினார். பிறகு சீல் வேட்டைக்காரர்களும் திமிங்கல வேட்டைக்காரர்களும் வந்தார்கள். அவர்களுடைய கப்பல்களில் டிக்கெட் வாங்காத பயணிகளாக எலிகளும் வந்து இறங்கின.

மரம் இல்லாத ஊரில் பறவைகள் தரையிலும் வளையிலும்தானே முட்டையிட வேண்டும்? தரையில் ஓடிவந்து கடிக்கும் பிராணியை அந்தப் பறவைகள் அதுவரை கண்டதே இல்லை. எலிகளுக்கு நித்தம் விருந்து. முட்டையும் போயிற்று, குஞ்சும் போயிற்று. உலகில் வேறெங்கும் இல்லாத பிப்பிட் என்ற சின்னஞ்சிறு பாடும் பறவை, எலி போய்ச் சேராத குட்டித் தீவுகளிலும் சில கரைகளிலும் மட்டும் ஒண்டிக்கொண்டது.

தெற்கு ஜார்ஜியா ஹெரிடேஜ் டிரஸ்ட் என்ற அமைப்பு இந்த எலிகளை ஒழிக்க முடிவு செய்தது. தலைமை ஏற்றவர் டோனி மார்ட்டின் என்ற பேராசிரியர். எலி இருந்த பரப்பு 1,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். அதற்கு முன் உலகில் எங்கும் இவ்வளவு பெரிய இடத்தில் யாரும் முயன்றதில்லை. ஒரே மூச்சில் முடிக்க முடியாது. பாதி செய்துவிட்டுப் போனால், மீதிப் பாதியிலிருந்து எலி திரும்பி வந்துவிடும். என்ன செய்வது?

இங்கேதான் என் ரயில்வே மூளைக்குக் குஷி பிறந்தது. மலையிலிருந்து கடல் வரை இறங்கும் பனியாறுகளை எலியால் தாண்ட முடியாது. ஆகவே தீவு தானாகவே பல துண்டுகளாகப் பிரிந்து கிடந்தது. நம் லைனில் பிளாக் செக்‌ஷன் பிரிக்கிற மாதிரி! ஒரு செக்‌ஷனை முடித்துவிட்டால் பக்கத்துச் செக்‌ஷன் எலி உள்ளே வராது. ஆனால் பூமி சூடேற ஏற பனியாறுகள் பின்வாங்கிக்கொண்டிருந்தன. அவை கரையை விட்டு விலகிவிட்டால் வேலியே இல்லை. அதற்குள் முடித்தாக வேண்டும்.

2011, 2013, 2015 என்று மூன்று கட்டமாக வேலை நடந்தது. ஹெலிகாப்டருக்கு அடியில் ஒரு பெரிய வாளி தொங்கும். அதிலிருந்து மருந்து கலந்த தீனி, நாம் விதை தூவுகிற மாதிரி இரண்டு பக்கமும் சிதறும். மொத்தம் சுமார் 300 டன். எங்கும் ஒரு கீற்றுகூட விட்டுப் போகாதபடி ஜி.பி.எஸ். பார்த்து வரிசை வரிசையாகப் பறந்தார்கள். மருந்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. தின்றவுடன் கொல்லாது, சில நாள் ஆகும். உடனே செத்தால் மற்ற எலிகள் உஷாராகிவிடுமே!

இதை என் மனைவியிடம் சொன்னபோது, "பிள்ளையார் வாகனத்தை ஹெலிகாப்டர் வச்சா கொல்லணும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அந்த மருந்தைத் தின்று அந்தத் தீவுக்கே உரிய வாத்துகளிலும் வேறு பறவைகளிலும் சில செத்தன. அது தெரிந்தேதான் இறங்கினார்கள். ஒரு தலைமுறைக்கு வரும் நஷ்டம் ஒரு பக்கம். இனமே அழிவது இன்னொரு பக்கம். "கப்பலில் எலியைக் கொண்டுவந்தது மனுஷன்தானே? அவன் செய்த தப்பை அவன்தானே திருத்த வேண்டும்?" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. ஆனால் காபி வந்தது.

மூன்றாவது கட்டம் முடிந்ததும் அவர்கள் வெற்றி என்று ரிப்போர்ட் எழுதிவிடவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். ஒரு ஜோடி தப்பியிருந்தாலும் அதற்குள் பெருகிக் கண்ணில் பட்டுவிடும் அல்லவா? அப்புறம் மூன்று மோப்ப நாய்களோடு காடுமேடெல்லாம் நடந்து தேடினார்கள். எலி கடித்தால் பல் தடமும், ஓடினால் கால் தடமும் பதிகிற சாதனங்களை ஆயிரக்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு தடம்கூட இல்லை. அதன் பிறகே, 2018 மே மாதத்தில், 'எலி இல்லாத தீவு' என்று அறிவித்தார்கள். பிப்பிட்டும் பழைய இடங்களுக்குத் திரும்பிவிட்டது.

எல்லா இடத்திலும் இப்படி முடிவதில்லை. அதே கடலில் கஃப் என்றொரு தீவு. அங்கே சுண்டெலிகள் ஆல்பட்ராஸ் குஞ்சுகளை உயிரோடு தின்கின்றன. 2021-ல் அங்கேயும் ஹெலிகாப்டரில் மருந்து தூவினார்கள். அந்த டிசம்பரிலேயே ஒரு சுண்டெலி காமிராவில் சிக்கியது. அத்தனை பாடும் வீண். ஆனால் அதை மூடி மறைக்காமல் உலகத்துக்கே சொன்னார்கள். 1991-ல் எனக்கு இல்லாத தைரியம் அது.

போன மாதம் எங்கள் ஹவுசிங் சொசைட்டிக் கூட்டத்தில் எலித் தொல்லை பற்றிப் பேச்சு வந்தது. ஆளுக்கொரு நாளில் அவரவர் வீட்டில் மருந்து வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் எழுந்து, "எல்லோரும் ஒரே நாளில் வைக்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டுச் சாவிகளையும் முதலில் வாங்கி வையுங்கள்" என்றேன். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று யாருக்கும் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.