சாத்தனூரிலிருந்து திருவெண்ணெய்நல்லூர் வரை... தென்பெண்ணைக் கரையோரம் ஒரு நாள் பயணம்!

தை அறுவடை முடிந்து கையில் ஒரு நாள் ஓய்வு கிடைத்தால், பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது? ஊட்டி, கொடைக்கானல் வேண்டாம். நம் வயலுக்குத் தண்ணீர் வரும் வழியிலேயே போய் வரலாம்.

கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து கடலூரில் கடலைச் சேர்கிறது தென்பெண்ணை. அதன் குறுக்கே 1958-ல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையில் காலையிலேயே பயணத்தைத் தொடங்குங்கள். 119 அடி முழு நீர்மட்டம் கொண்ட அணை, பூங்கா, முதலைப் பண்ணை என்று பிள்ளைகளுக்குப் பொழுது போவதே தெரியாது.

அங்கிருந்து மூங்கில்துறைப்பட்டு. கூட்டுறவு சர்க்கரை ஆலை உள்ள ஊர் என்பதால், அரவைக் காலத்தில் கரும்பு வண்டிகளைப் பார்த்து நிதானமாக ஓட்டுங்கள். அடுத்தது மணலூர்பேட்டை. தை 5-ம் தேதி ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்கு இங்கு வருகிறார். பக்கத்திலுள்ள ஜம்பையில், அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் பொறித்த தமிழ் பிராமிக் கல்வெட்டு பாறைக் குகையில் இருக்கிறது. 1981-ல் கண்டறியப்பட்டது இது.

திருக்கோவிலூருக்குப் பகல் 12 மணிக்குள் போய்விடுங்கள்; நடை சாத்திவிட்டால் மாலை வரை காத்திருக்க வேண்டும். முதல் ஆழ்வார்கள் மூவரும் சந்தித்த உலகளந்த பெருமாள் கோயிலும், கீழையூரில் அட்ட வீரட்டங்களில் ஒன்றான வீரட்டானேஸ்வரர் கோயிலும் இங்கு உள்ளன. பாரி மகளிருக்கு வாழ்வு தேடிக் கொடுத்துவிட்டு, கபிலர் வடக்கிருந்து உயிர்விட்டதாகச் சொல்லப்படும் கபிலர் குன்று ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது.

பாலத்தைத் தாண்டினால் அரகண்டநல்லூர். பாறை மேல் உள்ள சிவன் கோயிலில்தான், 1896-ல் திருவண்ணாமலைக்குப் போகும் வழியில் ரமணர் சிறிது நேரம் அமர்ந்திருந்தார். இங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தையும் எட்டிப் பாருங்கள். நம்மூர் விலையோடு நெல், மணிலா விலையை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக, சுந்தரரைச் சிவன் தடுத்தாட்கொண்ட திருவெண்ணெய்நல்லூர்.

ஒரு விஷயத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். 2024 டிசம்பர் 2-ம் தேதி அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. கரையோர ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. பயிர் நின்ற வயல்களில் மணல் மேவியது. அதற்கு முன்பே, 2021 வெள்ளத்தில் தளவானூர் தடுப்பணையும் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் உடைந்தன. கோடையில் வெறும் மணலாகக் கிடக்கும் இதே ஆறுதான், ஒரே இரவில் ஊரை மிதக்க வைத்தது.

அதனால், மழைக்காலத்தில் போகிறவர்கள் அணை திறப்பு அறிவிப்பைக் கேட்ட பிறகே கிளம்புங்கள். தண்ணீர் கொஞ்சமாக ஓடினாலும் பிள்ளைகளை ஆற்றில் இறக்காதீர்கள். கட்டுச்சோறு எடுத்துப் போனால், இலையையும் பாலித்தீன் பையையும் கரையில் போடாமல் திரும்ப எடுத்து வாருங்கள். அந்தத் தண்ணீர்தான் கீழே ஒரு விவசாயியின் மடைக்குப் போகிறது.